இருபது நிமிடம் ஓடும் படகு

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்கு இருமல் விட்டுவிட்டது. மற்றபடி சுகம். உங்களுக்கு முதுகு எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால் படியேற விடுகிறதா?

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் உங்களிடம் இரண்டு விஷயம் சொன்னேன். இரண்டுக்கும் "சந்தோஷம்மா, உடம்பப் பாத்துக்கோ" என்றீர்கள். பிறகு "எதுவானாலும் லெட்டர் போடு" என்று வைத்துவிட்டீர்கள்.

முதல் விஷயம், நான் தங்கியிருந்த விடுதியை இடிக்கப்போவதால் எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு மோட்டார் படகில் குடியிருக்கிறேன். இரண்டாவது, போன வாரம் அதன் என்ஜின் நடு ஆற்றில் நின்றுபோய், நான் நன்றாகப் பயந்துவிட்டேன். இவை சந்தோஷம் என்று சொல்லக்கூடிய செய்திகள் இல்லை. நீங்கள் பேசி வைத்த பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்த கோபம் இன்னும் போகவில்லை என்று எடுத்துக்கொண்டேன். நேரில் இருந்தால் இதைச் சொல்லத் தைரியம் வந்திருக்காது.

படகு எங்கள் ஆய்வகத்துப் பெரிய மேடத்தின் தம்பியுடையது. அவர் கப்பல் வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. "தொடச்சு வெச்சுக்கிட்டு, அப்பப்ப ஓட்டிக்கிட்டு இருக்கிறதா இருந்தா இருந்துக்கோ" என்றார் மேடம். முப்பதடி நீளம். அகலம், நான் இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிகள் இரு பக்கச் சுவரையும் தொடும். முன்பக்கம் படுக்கை, நடுவில் ஒற்றை அடுப்பு, ஒரு மேசை. மேசைக்கு அடியில் தரைப்பலகையைத் தூக்கினால் இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். நான் தினமும் உங்கள் தொழிலுக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். காலையில் கரையேறி ஏழு நிமிடம் நடந்தால் ஆய்வகம். ஆற்றுத் தண்ணீரைப் புட்டிகளில் பிடித்துப் பரிசோதிப்பதுதான் வேலை என்று உங்களுக்குத் தெரியும்.

அக்டோபர் கடைசியில் இந்தப் படகுத்துறையைத் தூர் வாரப்போகிறார்கள். எல்லாப் படகுகளும் சொந்த என்ஜினில் நான்கு மணி நேரம் ஓடி மேல்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். ஓடாத படகைக் கரையில் தூக்கி வைத்துவிடுவார்கள். கரையில் இருக்கும் படகில் ஆள் குடியிருக்கக் கூடாது. அப்படி ஆனால் எனக்கு வீடு இல்லை. இந்த ஊரில் தனியாக ஒரு பெண் அறை தேடிய கதையை எழுதினால் இன்னும் இரண்டு தாள் வேண்டும்.

என்ஜின் சரியாக இருபது நிமிடம் ஓடுகிறது. பிறகு நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் திரும்பக் கிளம்புகிறது. முதலில் சத்தம் டக்டக்டக் என்று சீராக இருக்கும். பதினெட்டாவது நிமிடத்தில் டக்... டக்... என்று இழுக்கும். கடைசியில் புக்கென்று ஒரு பெருமூச்சு. சத்தத்தை வைத்தே நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் மகள்


ஜூலை 2

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். முதுகு பரவாயில்லை.

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து உன் அம்மா மூன்று நாள் பேசவில்லை. என்னோடு. படகுக்குக் குடி போனது நீ, தண்டனை எனக்கு.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஃபோனில் லைன் சரியில்லை. இனிமேலும் கடிதமாகவே போடு. அவசரம் என்றால் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லு.

என்ஜின் விஷயம். டக்டக், புக் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். சத்தத்தைக் காகிதத்தில் எழுதினால் யாருக்கும் உபயோகமில்லை. கண்ணால் பார்த்ததை, கையால் தொட்டதை எழுது.

புகை என்ன நிறம்? நிற்பதற்கு முன்னால் நிறம் மாறுகிறதா? நின்றதும் என்ஜின் மேல் உள்ளங்கையை வைக்க முடிகிறதா, சுடுகிறதா? இது தவிர, ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி என்ஜின் மூடி மேல் வை. தண்ணீரில் வட்டம் வட்டமாக வரும். அது சின்னச் சின்னதாக ஒரே மாதிரி வருகிறதா, நொண்டுகிறவன் நடை மாதிரி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வருகிறதா என்று பார். கிளம்பியதிலிருந்து நிற்கிற வரைக்கும் பார்க்க வேண்டும். படம் போட்டு அனுப்பு.

கரையில் கட்டியபடியே ஓட்டிப் பார். நடு ஆற்றுக்குப் போகாதே.

அப்பா

அம்மா எழுதுறேன். நீ தண்ணி மேல படுத்துத் தூங்குறேன்னு நெனச்சா எனக்கு இங்க கட்டில் ஆடுது. உங்கப்பா வரவர நான் கூப்பிட்டா திரும்பியே பாக்குறதில்ல. முப்பது வருஷமா அப்படித்தான், அது பழகிப்போச்சு. இப்ப பால்காரர் கூப்பிட்டாலும் திரும்புறதில்ல.


ஜூலை 14

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும்,

நான் சௌக்கியம். அம்மா, கட்டிலை ஆட விடாதே. இங்கே ஆட்டமே கிடையாது. பெரிய படகு போகும்போது மட்டும் அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

அப்பா, நீங்கள் சொன்னபடி செய்தேன். பக்கத்துப் படகில் ஒரு தையற்காரம்மா இருக்கிறார். படகுகளுக்கு மேல்கூரைத் துணி தைப்பவர். கணவரும் ஒரு பூனையும் கூட இருக்கிறார்கள். நான் தரைப்பலகையைத் தூக்கி வைத்து, குத்த வைத்து டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியாகக் கவனித்துவிட்டார்.

"என்னடி பொண்ணே, தண்ணிக்குக் காவலா?"

"எங்கப்பா பாக்கச் சொன்னாரு."

"எனக்கு வாய்ச்ச அப்பா மாப்பிள்ளைய மட்டும் பாரு, வேற எதையும் பாக்காதன்னாரு. பாத்தேன். அதோ தூங்குது."

அவர் அதட்டலாகப் பேசினாலும் கயிறு கட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

படம் இத்துடன் இருக்கிறது. பதினேழு நிமிடம் வரை வட்டங்கள் சின்னதாக, ஒரே மாதிரி. பதினெட்டில் வட்டங்களுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. நொண்டவில்லை. சோர்ந்துபோகிறது, அவ்வளவுதான். புகை முதலில் வெளிர் சாம்பல், கடைசி வரை அதே. நின்றதும் கையை ஐந்து எண்ணும் வரை வைக்க முடிந்தது.

ஒன்று கேட்கிறேன். பட்டறையில் நீங்கள் ஸ்க்ரூடிரைவர் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துத்தானே நோய் சொல்வீர்கள். நாலு தெரு தள்ளி ஓடும் பம்ப்செட்டைக் கேட்டுவிட்டு, "டாக்டரோடது, நாளைக்கு நம்மகிட்ட வரும்" என்று சொன்னதும் மறுநாளே வந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. டம்ளர் எப்போதிலிருந்து?

உங்கள் மகள்


ஆகஸ்ட் 1

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். படம் நன்றாகப் போட்டிருக்கிறாய். பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அளவெல்லாம் எழுதிப் படம் அனுப்புகிற வாடிக்கையாளர் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

டம்ளர் பற்றிக் கேட்டாய். கண் நன்றாக இருக்கும்போது அதை உபயோகிக்க வேண்டும்.

வட்டம் நொண்டவில்லை என்றால் இரண்டு சிலிண்டரும் வேலை செய்கின்றன. ரொம்பச் சூடும் இல்லை. ஆக நோய் என்ஜினில் இல்லை. அதற்குச் சாப்பாடு போகிற வழியில் இருக்கிறது. அந்த வழியில் கோளாறு நாற்பது விதம் இருக்கும். நான் இங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினால் அக்டோபர் போய்விடும்.

கப்பல்காரர் விட்டுப்போனபோது ஓடின படகு இப்போது ஏன் நிற்கிறது? மூன்று வருடம் சும்மா கிடந்தது ஒரு காரணமாக இருக்கலாம். நீ அங்கே குடி வந்தது இன்னொரு காரணம். கோபித்துக்கொள்ளாதே. நீ வந்த நாளிலிருந்து அந்தப் படகில் எதை மாற்றினாய், எதைத் துடைத்தாய், எதை இடம் மாற்றி வைத்தாய், எல்லாவற்றையும் எழுது. ஆணி அடித்திருந்தாலும் எழுது.

அப்பா

அம்மா. எதிர்வீட்டு டீச்சர் வந்து டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டுப் போனாங்க. நான் குறைச்சா இவர் பேட்டரி போச்சான்னு ரிமோட்டைக் கழட்டிப் பாக்குறாரு. உன் படகுல டிவி இல்லாததுதான் நல்லது.


ஆகஸ்ட் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மழை பெய்கிறது, துணிதான் காய மாட்டேன் என்கிறது.

நான் மாற்றியவை. படுக்கைக்கு மேல் புத்தகப் பலகை ஒன்று, ஆணி நான்கு. உள்சுவருக்கு வெள்ளை அடித்தேன். தரைப்பலகையின் அடிப்பக்கத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், என்ஜினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். அடுப்பை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்த்தினேன். ஜன்னல் ரப்பர் ஒன்று மாற்றினேன். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள்.

இன்னொன்று. படகின் வெளிப்பக்கம், பின்னால், சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய் வாய் திறந்தபடி வளைந்து நிற்கும். எதற்கென்று தெரியவில்லை. உள்ளே அது எதனோடும் சேர்வதாகக் கண்ணுக்குப் படவில்லை, பலகைக்குப் பின்னால் போய்விடுகிறது. மழைத் தண்ணீர் போகுமே என்று துணியைச் சுருட்டி அடைத்து, மேலே மெழுகு ஊற்றிவிட்டேன். குடி வந்த முதல் வாரமே. ஆய்வகத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே வாய் திறந்து கிடக்கும் எதையும் மூடு என்பதுதான். மூடாத புட்டியை மேடம் அப்படியே கொட்டிவிடுவார்.

தப்புச் செய்துவிட்டேனா?

உங்கள் மகள்


ஆகஸ்ட் 19

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் நேற்று வந்தது. இன்று காலையிலேயே எழுதுகிறேன்.

அது டீசல் டாங்க் மூச்சு விடுகிற குழாய். நீ அதன் மூக்கைப் பொத்தியிருக்கிறாய். என்ஜின் எண்ணெய் குடிக்கக் குடிக்க டாங்க்குக்குள் அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் இருபது நிமிடத்தில் எண்ணெய் வர மறுத்துவிடும். அரை மணி நேரத்தில் எங்காவது மூடி இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று புகுந்துவிடும், திரும்ப ஓடும். இது நீ காலேஜில் படித்த பாடம்தான். நான் எட்டாம் வகுப்பு.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒன்று செய். அடைப்பை எடுக்காமலே ஓட்டு. சோரும் நேரத்தில் டாங்க் மூடியைத் திருகிக்கொண்டே வாயருகில் சின்னக் காகிதத் துண்டைப் பிடி. காகிதம் உள்ளே இழுக்கப்பட்டால் நான் சொன்னது சரி. பிறகு மெழுகைச் சுரண்டித் துணியை எடு. குழாய் கீழ்நோக்கி வளைந்துதான் இருக்கும், மழை போகாது. செய்தவனுக்கு அது தெரியும்.

தப்புதான். ஆனால் சுத்தமாக இருக்கிறவர்கள் மட்டுமே செய்கிற தப்பு. என் பட்டறையில் அந்தக் கோளாறு வரவே வராது.

அப்பா


செப்டம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் மிக நன்றாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலம்தானே?

காகிதம் என் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு மூடியில் ஒட்டிக்கொண்டது. மெழுகைச் சுரண்டி எடுத்த பிறகு படகு ஒரு மணி பத்து நிமிடம் ஓடியது. நான்தான் நிறுத்தினேன். தையற்காரம்மா கரையில் நின்று, "உங்கப்பாவ வரச் சொல்லு, நாங்க எல்லாரும் வரிசையில நிக்கிறோம். எம் புருஷனையும் காட்டணும், அதுவும் இருபது நிமிஷத்துக்கு மேல ஓடுறதில்ல" என்றார். அவர் கணவர் படுத்தபடியே கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.

இப்போது வேறொரு தடை. துறை அலுவலகத்துக்கு மேல்துறையில் இடம் கேட்டு மனுக் கொடுக்கப் போனேன். அங்கிருந்த அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கூட யாரு வராங்க?" என்றார். படகைத் தனியாள் கொண்டுபோகக் கூடாதாம். வழியில் பாலத்துக்கு அடியில் நீரோட்டம் இழுக்கும், தூண்களுக்கு நடுவே இடம் குறைவு. பின்னால் ஒருவர் சக்கரம் பிடிக்க வேண்டும். முன்னால் நின்று தூண் எவ்வளவு தூரம் என்று இன்னொருவர் சொல்ல வேண்டும், கயிற்றையும் அவர்தான் எடுக்க வேண்டும். தையற்காரம்மாவும் கணவரும் அவர்கள் படகைக் கொண்டுபோக வேண்டும். ஆய்வகத்தில் யாரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் சுபாவம் உங்களுக்கே தெரியும்.

அப்பா, நீங்கள் வர முடியுமா? அக்டோபர் 24, சனிக்கிழமை. ஒரே ஒரு நாள். மனுவில் இரண்டாம் ஆள் என்ற இடத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். அக்டோபர் இருபதாம் தேதிக்குள் நிரப்ப வேண்டும்.

உங்கள் மகள்


செப்டம்பர் 29

அன்பு மகளுக்கு,

நலம். என்ஜின் ஓடியதில் நிம்மதி. வடிகட்டியை ஒருமுறை மாற்றிவிடு.

அக்டோபரில் பட்டறையில் வேலை நிறைய இருக்கிறது. வர இயலாது. முன்னால் நின்று சொல்கிற வேலைக்கு அங்கேயே நல்ல ஆளாகப் பார். காது கண் எல்லாம் சுறுசுறுப்பாக இருக்கிற இளவயது ஆள் வேண்டும். நான் வந்தால் உனக்கு இடைஞ்சல்.

அப்பா

அம்மா. இது அவருக்குத் தெரியாது, ஒட்டுறதுக்கு முன்னாடி எழுதுறேன். வேலையும் இல்ல ஒண்ணும் இல்ல. பட்டறைய மத்தியானமே சாத்திட்டு வந்துடுறாரு. யாராவது வந்து என்ஜின் சத்தம் மாறுதுன்னு சொன்னா, வேற எடம் பாருங்கன்னு அனுப்பிடுறாராம். போன வாரம் ரோட்டுல லாரி பின்னாடி வந்து ஹார்ன் அடிச்சிருக்கு, நகரவே இல்ல. லாரிக்காரர் எறங்கி வந்து தோளத் தொட்டிருக்காரு. நான் டாக்டர்கிட்டப் போலாம்னு எழுதிக் காட்டுனேன். எந்திரிச்சுப் போயிட்டாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவரா சொல்லல, ஆனா எனக்குத் தெரியும். நீயும் கேக்காத.


அக்டோபர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மழை நின்று வெயில் வந்துவிட்டது. நான் சுகம். நீங்களும் அம்மாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சரி. ஆனால் முன்னால் நிற்கிற வேலை என்னவென்று நான் சரியாக எழுதாமல் விட்டுவிட்டேன். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முன்னால் நிற்பவருக்கும் சக்கரம் பிடிப்பவருக்கும் நடுவே இருபத்தைந்து அடி. அந்த இருபத்தைந்து அடிக்குள்தான் என்ஜின் ஓடுகிறது. கத்தினாலும் கேட்காது. தையற்காரம்மாவின் தொண்டைக்கே கேட்காது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். படகு நகர ஆரம்பித்தால் இங்கே எல்லோரும் கையால்தான் பேசுகிறார்கள். முன்னால் நிற்பவர் கையை எந்தப் பக்கம் நீட்டுகிறாரோ அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மெதுவாக அழுத்தினால் வேகத்தைக் குறை. விரல்களை மடக்கி முஷ்டியை மேலே தூக்கினால் நிறுத்து. இரு கைகளுக்கு நடுவே காட்டும் இடைவெளிதான் தூணுக்கும் நமக்கும் உள்ள தூரம். சக்கரம் பிடிப்பவர் தலைக்கு மேல் விரலைச் சுழற்றினால் கயிற்றை எடு என்று அர்த்தம். அவ்வளவுதான் மொழி. ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொண்டேன்.

ஆக அந்த இடத்துக்கு வேண்டியது இரண்டு நல்ல கண், இரண்டு நல்ல கை. என்ஜின் நின்றால் என்ன செய்வதென்று தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. எனக்குத் தெரிந்தவர்களில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார்.

ஜூன் மாதம் ஃபோனில் நீங்கள் சொன்ன "சந்தோஷம்மா"வை நான் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது சரியாக எடுத்துக்கொண்டேன்.

பஸ் வழியை இதனுடன் இருக்கும் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். கண்டக்டரிடம் காட்டினால் போதும். மனுவின் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

உங்கள் மகள்


அக்டோபர் 12

அன்பு மகளுக்கு,

இங்கு நலம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சேருவேன். மனுவை நிரப்பிக்கொள். ஸ்பேனர் செட்டைக் கொண்டுவருகிறேன், நீ எதையும் கழற்றி வைக்காதே. துடைத்தும் வைக்காதே.

உன் பட்டியலைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதில் ஒன்று குறைகிறது. நீ சொன்னது எனக்குப் புரியவில்லை, திரும்பச் சொல் என்பதற்குக் கை எது? எல்லா வேலையிலும் அது ஒன்று வேண்டும். அங்கே வழக்கத்தில் இல்லையென்றால் நமக்குள் வைத்துக்கொள்வோம். வலது கையை நெஞ்சில் வைப்பேன். அதைப் பார்த்தால் நீ அவசரப்படாமல் திரும்பச் சொல். எரிச்சல்படாதே.

அப்பா


அக்டோபர் 26

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்காலுக்கு அந்தத் தைலம் தேய்க்கிறாயா? நாங்கள் இருவரும் சுகம். படகு மேல்துறையில் இருக்கிறது. ஆய்வகம் இப்போது பஸ்ஸில் நாற்பது நிமிடம். அது பரவாயில்லை, சாயங்காலம் திரும்பி வர எனக்கு வீடு இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பி பதினொன்றேகாலுக்குச் சேர்ந்தோம். அப்பா நாலு மணி நேரமும் உட்காரவில்லை. பாலத்துக்கு அடியில் இரு கைகளுக்கு நடுவே ஒரு சாண் காட்டினார், உண்மையில் ஒரு சாண்தான் இருந்தது. படகில் ஒரு கீறல் இல்லை. வழியில் மூன்று தடவை நெஞ்சில் கை வைத்தார். மூன்று தடவையும் விரலைத் திரும்பச் சுழற்றினேன், கயிற்றை எடுத்தார். தையற்காரம்மா இறங்கி வந்து அவரிடம் ஏதோ நீளமாகப் பேசினார். அப்பா நெஞ்சில் கை வைத்தார். நான் எதுவும் விளக்கவில்லை. அந்தம்மா ஒரு கணம் பார்த்துவிட்டு, நேராக முகத்துக்கு எதிரில் வந்து நின்று மெதுவாகத் திரும்பச் சொன்னார். அப்பா சிரித்தார். இப்போது அந்தம்மாவின் படகு என்ஜினைத்தான் அப்பா பிரித்துப் போட்டிருக்கிறார்.

அடுத்த வாரம் புதன்கிழமைதான் ஊருக்குக் கிளம்புகிறார். அடுத்த மாதம் நான் லீவு போட்டு வருகிறேன். டாக்டர் விஷயத்தை அவரே என்னிடம் ஆரம்பித்தார், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோது, காதைத் தொட்டுக் காட்டி, கையால். மூவரும் போவோம்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் அவர் வருவதற்குள் கிடைக்கும்படி இதை எழுதுகிறேன். வீட்டில் நீ பேசும்போது அப்பா வலது கையை நெஞ்சில் வைத்தால் பயந்துவிடாதே. வலி இல்லை, அக்கம்பக்கத்தைக் கூப்பிட வேண்டாம். எதிரில் போய் நின்று திரும்பச் சொல். போதும்.

உன் மகள்